மாண்டிசோரி பொம்மைகள்: கடலூர், புதுச்சேரி பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கைக்குழந்தை முதல் நான்கு வயது வரை பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து எனக்கு வரும் கேள்விகள் இவை. கேட்பவர்கள் பெரும்பாலும் கடலூர், புதுச்சேரி, இடையில் இருக்கும் தவளக்குப்பம், ரெட்டிச்சாவடி பக்கத்துக்காரர்கள். அதனால் கடையும் சாமானும் இந்த ஊர்க் கணக்கில்தான் வரும்.

மரத்தில் செய்திருந்தால் அது மாண்டிசோரி பொம்மைதானே?

இல்லை. இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அவர் பெயரில் வழங்கும் கல்வி முறை அங்கேதான் பிறந்தது. பிள்ளைகள் எதைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள், எதைச் சீண்டுவதே இல்லை என்று உட்கார்ந்து கவனித்தார். அதை வைத்துத்தான் சாமான்களைச் சேர்த்தார், கழித்தார். நல்ல பொம்மைகள் அங்கே இருந்தும் பிள்ளைகள் அவற்றை நாடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

அவர் சாமான்களில் இரண்டு குணங்களைப் பார்க்கலாம். முதலாவது, ஒரு சாமான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் காட்டும். இளஞ்சிவப்புக் கோபுரம் என்பது 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்துக் கனசதுரங்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம், அளவு மட்டும் மாறும். இரண்டாவது, தப்பு நடந்தால் சாமானே காட்டிக் கொடுத்துவிடும். குமிழ் வைத்த பத்து உருளைகளைப் பத்துக் குழிகளில் பொருத்தும் கட்டை ஒன்று உண்டு. ஒன்றை மாற்றிப் போட்டால் கடைசியில் ஓர் உருளை பொருந்தாமல் நிற்கும். பிள்ளை அதைப் பார்க்கும், யோசிக்கும், மறுபடி எடுத்துப் போடும். நாம் பக்கத்திலிருந்து "ம்ஹும், தப்பு" என்று சொல்ல வேண்டியதே இல்லை.

இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் நம் வீட்டு எவர்சில்வர் அடுக்கு டப்பா தேறிவிடும். ஆறு பூட்டு, நாலு சுவிட்ச், ஒரு கடிகாரம், பல் சக்கரம், மணி என்று ஒரே பலகையில் அடைத்து விற்கிறார்களே, அது தேறாது, எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும்.

இது போன வருஷம் வந்த மோஸ்தர் என்று சிலர் நினைக்கிறார்கள். 1939லேயே அந்த அம்மையார் பிரம்ம ஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நடுவில் உலகப் போர் வந்தது, இத்தாலி எதிரி நாடானது. 1946 வரை அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. அதில் கொஞ்ச காலம் கொடைக்கானலில் இருந்தார்.

பெட்டி மேல் "மாண்டிசோரி" என்று அச்சடித்திருக்கிறதே, அது சான்று இல்லையா?

அந்தப் பெயர் யாருக்கும் தனிச் சொத்து இல்லை. அமெரிக்காவில் 1967லேயே அது பொதுப்பெயர் என்று முடிவாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் எதன் மேலும் போட்டுக்கொள்ளலாம், போட்டும் கொள்கிறார்கள். ஏறி விளையாடும் முக்கோண ஏணி ஹங்கேரி நாட்டுக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் வழியில் வந்தது. வானவில் வளைவுக் கட்டைகள் வால்டார்ஃப் என்ற வேறொரு கல்வி முறைப் பள்ளிக்காரர்கள் பக்கம். வீட்டுப் பொருள்களைக் கூடையில் போட்டுக் கைக்குழந்தை முன் வைக்கும் புதையல் கூடை, பிரிட்டனில் வேலை செய்த எலினோர் கோல்ட்ஷ்மீட் சொன்னது. மூன்றுமே நல்லவை, கூடை எனக்கு ரொம்பப் பிடித்தது. பெயருக்காக இரட்டை விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

பிறந்து ஒரு மாதம். தூளியில்தான் போடுகிறோம். மேலே ஏதாவது தொங்கவிடலாமா?

தூளியில் வேண்டாம். இரண்டு பக்கமும் சேலை மறைக்கும், குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. தவிர, தூளிக்குள் கயிறோ நாடாவோ வரவே கூடாது. தூளி தூங்குவதற்கு மட்டும் இருக்கட்டும்.

குழந்தை விழித்து, பால் குடித்து, சும்மா படுத்திருக்கும் நேரத்தில் தரையில் பாய் போட்டு மல்லாக்கப் படுக்க வையுங்கள். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம் அது. அந்த உயரத்தில், முகத்துக்கு நேர் மேலே இல்லாமல் நெஞ்சுக்கு மேலே வருகிற மாதிரி, கறுப்பு வெள்ளை அட்டை வடிவங்களைத் தொங்கவிடலாம். முனாரி என்று விற்கும் தொங்கு பொம்மை இதுதான். அதற்கு அடுத்தது பளபளக்கும் மூன்று நிற எண்முகிகள் (எட்டு முகம் கொண்ட வடிவங்கள்), பிறகு ஒரே நிறம் அடர்த்தியிலிருந்து வெளிறிக்கொண்டே போகும் ஐந்து நூல் பந்துகள். எல்லாமே காற்றில் தானாக அசைய வேண்டும். மோட்டார், பாட்டு எதுவும் தேவையில்லை. கடலோர ஊரில் ஜன்னலைத் திறந்தால் போதும்.

கறுப்புச் சார்ட் அட்டை இருந்தால் ஒரு மாலையில் செய்துவிடலாம். குழந்தை கை நீட்டிப் பிடிக்கத் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள். பார்ப்பதற்குச் செய்தது இழுப்பதைத் தாங்காது.

குழந்தைக்குத் தரையிலேயே படுக்கை வேண்டும், தானாக இறங்கி ஏற வேண்டும் என்பதும் மாண்டிசோரி சொன்னதுதான். பாயில் படுக்கும் வீட்டில் அதற்கென்று தனிக் கட்டில் வாங்குவது வேடிக்கை.

மாதா மாதம் அந்தந்த வயதுக்குப் பொம்மைப் பெட்டி அனுப்புகிறார்களே, சந்தா கட்டலாமா?

எனக்கு உடன்பாடு இல்லை. எட்டாம் மாதப் பெட்டி வந்ததும் எட்டு மாதக் குழந்தை அதைச் செய்தாக வேண்டும் என்ற பதற்றம் வந்துவிடும். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம், வருகைக்குப் பதின்மூன்றாம் மாதம் என்று கணக்கு வைத்தார்கள். தலை நிமிர்ந்து ஆடுவது, கைகொட்டுவது, தளர்நடை என்று வரிசை சரிதான். ஆனால் மாதம் பிள்ளைக்குப் பிள்ளை முன்பின் ஆகும். உங்கள் குழந்தை இப்போது எதைச் செய்ய முட்டிமோதுகிறது என்று பார்த்து அதற்கு ஏற்றதைக் கொடுங்கள். எல்லாவற்றையும் எடுத்து வீசுகிறதா? பந்தும் கூடையும் கொடுங்கள். டப்பாவைத் திறந்து திறந்து மூடுகிறதா? வெவ்வேறு மூடி வைத்த நாலு டப்பா போதும்.

ஐந்து மாதம், எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிறான்.

வைக்கட்டும், அந்த வயதில் அவனுக்கு வாய்தான் கை. கையில் பிடிக்கிற அளவு மெல்லிய மர வளையம், வழவழப்பான மரக்கரண்டி, முடிச்சுப் போட்ட பருத்தித் துணி கொடுக்கலாம். மரப்பாச்சியை ஆயா எடுத்துக் கொடுப்பார். வீட்டில் பல காலம் புழங்கிய பழைய மரப்பாச்சி என்றால் பரவாயில்லை. இப்போது கடையில் வாங்குவது செம்மரமா, சாயம் பூசிய வேறு மரமா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வாய்க்கு ஆகாது.

பனை ஓலைக் கிலுகிலுப்பையின் சத்தம் அருமையாக இருக்கும். ஆனால் ஓலை விளிம்பு அறுக்கும், பிரிந்தால் உள்ளே இருக்கும் விதை வெளியே வரும். நீங்கள் கையில் வைத்து ஆட்டுங்கள், குழந்தை கேட்கட்டும்.

பந்தைப் போட்டால் மறைந்து திரும்ப வரும் மரப்பெட்டி வாங்கலாமா?

எட்டு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்கு இதைவிடப் பிடித்த விளையாட்டு குறைவு. கண்ணுக்குத் தெரியாமல் போன பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பது அப்போதுதான் பிடிபடுகிறது. முந்தானைக்குள் முகத்தை மறைத்துக் காட்டும்போது சிரிக்கிறதே, அதே விஷயம்தான். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியின் மேலே ஒரு வட்ட ஓட்டை, கீழே பக்கவாட்டில் ஒரு வாசல் வெட்டி, உள்ளே ஓர் அட்டையைச் சாய்வாக ஒட்டிவிட்டால் டென்னிஸ் பந்து உருண்டு வெளியே வரும். அட்டை கிழிந்த பிறகும் குழந்தைக்கு அதில் ஆசை தீரவில்லை என்றால் மரத்தில் வாங்குங்கள்.

உண்டியலில் காசு போடும் விளையாட்டு இதன் அடுத்த படிதான். ஆனால் மூன்று வயது வரை காசு கையில் வேண்டாம்.

பத்து மாதம் ஆகிறது. ஆயா வாக்கர் வாங்கச் சொல்கிறார்.

உட்கார வைத்து உருட்டிவிடும் வாக்கர் வேண்டவே வேண்டாம். கனடாவில் 2004லிருந்து அதை விற்கவே தடை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறது. நொடியில் படிக்கட்டுக்கோ அடுப்புப் பக்கமோ போய்விடும், பெரியவர்கள் எழுந்து ஓடிப் பிடிக்க நேரம் இருக்காது. நடக்கவும் அது உதவாது. குழந்தை நுனிக்காலால் உந்துகிறதே தவிர, தன் எடையைத் தானே தாங்கிப் பழகுவதில்லை.

ஆயாவிடம் நடைவண்டியை நினைவுபடுத்துங்கள், சண்டை வராது. பிடித்துக்கொண்டு நின்று தள்ளும் மூன்று சக்கர மரவண்டி. வெளிநாட்டு மாண்டிசோரி கடைகளில் தள்ளுவண்டி என்று பெரிய விலைக்கு விற்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் வண்டி மல்லாந்து விழக் கூடாது. டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும், அதனால் சக்கரத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப் பட்டையை ஒட்டச் சொல்லுங்கள். அடிப்பலகை கனமாக இல்லாவிட்டால் சின்ன மணல் மூட்டை வையுங்கள். சுவரைப் பிடித்துத் தானாக எழுந்து நிற்கும் குழந்தைக்குத்தான் இது, அதற்கு முன்னால் வேண்டாம்.

ஒன்றரை வயது. பொம்மையை விட்டுவிட்டுச் சமையலறைக்கே வருகிறாள்.

ரொம்ப நல்லது, உங்களுக்குச் செலவு மிச்சம். மாண்டிசோரி வகுப்பில் முதலில் தொடங்குவது அன்றாட வீட்டு வேலைதான். பொம்மை அடுப்பு வேண்டாம், உண்மையான வேலையில் சின்னதாக ஒரு துண்டு கொடுங்கள். முருங்கைக்கீரை உருவுவதைவிட நல்ல விரல் பயிற்சியை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒரே திசையில் இழுக்க வேண்டும், காம்பில் இலை மிஞ்சியிருந்தால் கண்ணுக்கே தெரியும், வாயில் போட்டாலும் ஆபத்தில்லை. சின்னச் சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது, சிந்தியதைத் துடைப்பது, கைக்குட்டை மடிப்பது, வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் தனித்தனிக் கூடையில் போடுவது என்று இன்னும் எவ்வளவோ. ஒவ்வொன்றையும் ஒரு தாம்பாளத்தில் வைத்து, அவளுக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்.

கண்ணாடி டம்ளர்தான் கொடுக்க வேண்டும், உடைந்தால்தான் கவனம் வரும் என்பார்கள். வகுப்பில் அது சரி. மொசைக் தரையும் வெறுங்காலும் உள்ள வீட்டில் இரண்டரை வயது வரை எவர்சில்வரே போதும் என்பது என் எண்ணம்.

மூன்று வயதுக்கு மேல் கோலமாவு கொடுக்கலாம். கல்பொடி வேண்டாம், அரிசி மாவு. இரண்டு விரலில் கொஞ்சமாக எடுத்துச் சீராக விடும் அந்தப் பிடிதான் பிறகு பென்சில் பிடிக்கப் பயன்படும். பருப்பு பிரிப்பது, பல்லாங்குழி எல்லாமும் மூன்றுக்குப் பிறகு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது.

இளஞ்சிவப்புக் கோபுரம் போன்றவற்றை வீட்டுக்கு வாங்கவா?

வாங்க வேண்டாம். ஏறக்குறைய மூன்று வயதுப் பிள்ளைகள் வகுப்பில், பயிற்சி பெற்ற ஆசிரியரோடு பயன்படுத்தச் செய்தவை. விலையும் அதிகம். வீட்டில் அடுக்குப் பாத்திரம், குமிழ் வைத்த படப் பலகை, பெரிய மணி கோர்ப்பது போதும். பொத்தான் போட்டுப் பழக அப்பாவின் பழைய சட்டையைவிட நல்ல சாமான் கிடையாது.

எவ்வளவு சின்ன சாமான் வரை கொடுக்கலாம்?

மூன்று வயதுக்குக் கீழே என்றால் இந்த அளவை மனதில் வையுங்கள். பொம்மைச் சோதனையில் பயன்படும் சிறு உருளையின் வாய் 31.7 மி.மீ. அகலம். அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கலாம். பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ., தாராளமாக அடங்கும். தண்ணீர் பாட்டில் மூடியும் அடங்கும். பாட்டில் மூடி போடும் விளையாட்டை இணையத்தில் நிறையக் காட்டுகிறார்கள், நான் செய்ய விடமாட்டேன். உருண்டையான பந்துக்கு அளவு இன்னும் கூட வேண்டும், 4.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கோலிகுண்டு, ரப்பர் குட்டிப் பந்து கூடவே கூடாது. கயிறு ஒரு சாணுக்கு மேல் நீளம் வேண்டாம்.

மூன்று பொருளை வீட்டிலேயே வைக்காதீர்கள் என்பேன். பொத்தான் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். சின்னக் காந்தத்தை இரண்டாக விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒன்றை ஒன்று இழுக்கும். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண மணிகள் வயிற்றுக்குள்ளும் பெரிதாகும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை அவசியமா? கைவினைஞர் செய்வதில் இருப்பதில்லையே?

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு உண்மையா என்று பார்க்கலாம். பதிவு செய்த கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. அதனால் கைவினைப் பொம்மையில் முத்திரை இல்லை என்பதாலேயே அது போலி ஆகிவிடாது. ஆனால் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. ஈரத் துணி, பிளவு, ஆணி, ஒட்டிய துண்டு எல்லாவற்றையும் நீங்களே பார்க்க வேண்டும்.

இங்கே எங்கே வாங்குவது?

கர்நாடகத்துச் சென்னப்பட்டணப் பொம்மைகள் கண்காட்சிகளில் வரும். வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்கு ஏற்றியவை. கைக்குழந்தைக்கு வளையம், கிலுகிலுப்பை, அடுக்கு வளையம் வாங்க அவை நல்ல தேர்வு. ஆரோவில் பக்கத்துக் கடைகளிலும் மரச் சாமான் கிடைக்கும், விலை மட்டும் சுற்றுலா வருபவருக்கு வைத்தது. புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட்டில் கூடை, தட்டு, டப்பா, பந்து வாங்குங்கள். பெயர் தெரியாத சாயம் பூசிய பொம்மையைக் கைக்குழந்தைக்கு அங்கே வாங்க வேண்டாம்.

வில்லியனூர் சுடுமண், திருக்கனூர் காகிதக்கூழ் இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. பண்ருட்டி மண் பொம்மைகளும் அழகு. பார்க்கத்தான், கடிக்க இல்லை. வர்ணம் பூசாத சுடுமண் சட்டி, அகல் என்றால் இரண்டு வயதுக்கு மேல் தண்ணீர் ஊற்றி விளையாடக் கொடுக்கலாம்.

எனக்குப் பிடித்த வழி, தெரிந்த ஆசாரியிடம் போவது. மிச்சம் விழுந்த தேக்கு, வேம்பு, பூவரசுத் துண்டுகளை ஒரே அகலத்தில் அறுத்து, மூலைகளை மழித்து, உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். நீளத்தை ஒன்று, இரண்டு, நாலு மடங்கு என்று வைத்தால் இரண்டு சின்னக் கட்டை ஒரு பெரிய கட்டைக்குச் சமம் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். வார்னிஷ் வேண்டாம். தேன்மெழுகு தேய்த்தால் போதும். அரளி, எட்டிக் கட்டை தப்பித்தவறியும் கலக்கக் கூடாது.

பிளாஸ்டிக், பேட்டரி பொம்மை எல்லாம் தூக்கிப் போடணுமா?

பிளாஸ்டிக் குவளையும் வாளியும் இருக்கட்டும். கடலூர் சில்வர் பீச் மணலுக்கு மரம் ஆகாது. பேட்டரியில் பேசும் பொம்மையைக் குறைக்கலாம். 2016ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகளோடு பெற்றோர் விளையாடியதைப் பதிவு செய்து பார்த்தார்கள். புத்தகத்தையும் சாதாரணப் பொம்மையையும் வைத்து விளையாடியபோது பேசியதைவிட, மின்னணுப் பொம்மை இருந்தபோது பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்துபோயின. பொம்மை பேசினால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம்.

பிறந்தநாளுக்கு வந்ததே முப்பது இருக்கிறது. என்ன செய்வது?

நாலைந்தை வெளியே வைத்துவிட்டு மற்றதைப் பரணில் போடுங்கள். டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2018ல் வந்தது. 16 பொம்மை இருந்தபோதைவிட 4 பொம்மை இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். பிள்ளை எதைச் சீண்டவில்லையோ அதை எடுத்துவிட்டுப் பரணிலிருந்து ஒன்றை இறக்குங்கள். தேதி வைத்து மாற்றத் தேவையில்லை. அத்தை வாங்கியது, சித்தப்பா வாங்கியது என்ற மனத்தாங்கல் வந்தால், அவர்கள் வரும் நாளில் அதை இறக்கி வையுங்கள்.

சொப்பு விளையாட்டு மாண்டிசோரிக்கு எதிரானதா?

கற்பனையைவிட நிஜ வேலைக்கே சின்ன வயதில் முதலிடம் என்பது அவர் கட்சி. கண்டிப்பானவர்கள் சொப்பையும் ஒதுக்குவார்கள். நான் ஒதுக்கமாட்டேன். மண் சோறு ஆக்கி நாலு பேருக்குப் பரிமாறும் பிள்ளை யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறது. உண்மையான கீரையும் உண்மையான சொம்பும் கிடைத்த பிள்ளைக்குச் சொப்பு கூடுதல்தான்.

காட்டிக்கொடுத்த மாதிரி விளையாடாமல் வேறு மாதிரி செய்கிறானே?

உடைக்காத வரை, யார் மேலும் எறியாத வரை விடுங்கள். ஒரு தடவை பேசாமல், மெதுவாகச் செய்து காட்டுங்கள். பேசினால் வாயைப் பார்ப்பான், கையைப் பார்க்க மாட்டான். மறுநாளும் தொடவில்லை என்றால் அவனுக்கு இன்னும் நேரம் வரவில்லை, அல்லது தாண்டிவிட்டது.

ஐப்பசி மழையில் மரப் பொம்மை பூஞ்சை பிடிக்கிறது.

தண்ணீரில் ஊற வைத்துக் கழுவுவதுதான் முதல் காரணம். நன்றாகப் பிழிந்த துணியில் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் காய வையுங்கள். உச்சி வெயில் வேண்டாம், மரம் வெடிக்கும். மழை மாதங்களில் மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் போடாமல் திறந்த மூங்கில் கூடையில் வையுங்கள், சுவரை ஒட்டாமல். மேலாகப் பிடித்த பூஞ்சையை வினிகர் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு மறுபடி மெழுகு தேய்க்கலாம். உள்ளே கறுப்பாக இறங்கியிருந்தால் அடுப்பில் போடுங்கள். அதிலும் சாயம் பூசியது என்றால் எரிக்காமல் குப்பைக்கு.